பத்து மணிப் பால்

பாயான் லெப்பாஸ், பினாங்கு
19.2.1978

அன்புள்ள தம்பி மனைவி பவளத்துக்கு, மதினி நவமணி எழுதுவது.

இங்கு நான், என் வீட்டுக்காரர், மகன் மூவரும் முருகன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் என் தம்பி கந்தனும், மூன்று மாதக் குட்டி சீதாவும் எப்படி இருக்கிறீர்கள்? ரிங்லெட்டில் குளிர் விட்டதா?

தம்பி கங்காணி ஆகிவிட்டானாம். அங்கிருந்து வந்த ராமையா அண்ணன் பஸ் ஸ்டாண்டில் பார்த்துச் சொல்லித்தான் தெரியும். ஏன் புள்ள, நீ ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா? எனக்குச் சந்தோஷத்தில் அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. அப்பா காலம் முழுக்க ஒவ்வொரு கங்காணியிடமும் மிதிபட்டு, அந்தத் தேயிலை மலையிலேயே செத்தார். அவர் மகன் இன்று பெரட்டுக் களத்தில் நின்று ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புகிறான் என்றால் சும்மாவா?

அவனுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி ராமையா அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். உனக்கு அவனைப் பார்த்துக் கட்டி வைத்தவள் நான். அந்த நன்றி இருக்கட்டும், கங்காணியம்மா! குழந்தைக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

நவமணி


ரிங்லெட்
12.3.1978

மதிப்புள்ள மதினிக்கு, பவளம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் மாரியம்மனைக் கும்பிடுகிறேன். கடிகாரம் வந்தது. உங்கள் தம்பி தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், கோபப்படக் கூடாது. கைக்குழந்தைக்காரிகள் பத்து மணிக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளை விட்டிருக்கும் ஆயாக் கொட்டகைக்கு ஓடிப் பால் கொடுத்துவிட்டு வருவது இங்கே எத்தனையோ வருஷத்து வழக்கம். பழைய கங்காணி பக்கிரிசாமி கெட்ட வாய்க்காரர். அவர்கூட அந்த நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். உங்கள் தம்பி அதை நிறுத்திவிட்டார். "கொழுந்து எடுக்க வந்தீங்களா, பால்கடை போட வந்தீங்களா?" என்று கேட்டார். எங்கள் ரவிக்கை நனைந்து, அந்த ஈரத்தோடு மலைக்காற்றில் நிற்கிறோம். எனக்கு இரண்டு தடவை பால் கட்டிக் காய்ச்சல் வந்தது.

போன வாரம் காளியம்மா மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஐந்து மாதம். உங்கள் தம்பி அவள் முதுகில் இருந்த கூடையை எட்டி உதைத்தார். கூடையைத்தான் உதைத்தார், ஆனால் அவள் கீழ் வரிசை வரைக்கும் உருண்டாள்.

இதற்கு மேல், ஆண்கள் நிறையப் பேர் காய்கறித் தோட்டங்களுக்குப் போய்விட்டதால், களைமருந்து அடிக்கும் வேலைக்கும் பெண்களையே எடுக்கப் போகிறார்களாம். பால் கொடுப்பவர்களையும் பிள்ளை உண்டானவர்களையும் அதில் விட வேண்டாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் உங்கள் தம்பி கேட்பார். நான் சொன்னால் ஏறுவதில்லை.

உங்கள் மகனுக்கு என் அன்பு.

பவளம்


பாயான் லெப்பாஸ்
2.4.1978

பவளத்துக்கு நவமணி எழுதுவது. இங்கு சுகம், அங்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்து எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவன் வேலை ஏற்று இரண்டு மாதம் ஆகவில்லை. துரையின் கண் முழுக்க அவன் மேல்தான் இருக்கும். இந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்தே குழி வெட்டுவாயா?

நான் மட்டும் என்ன பூமெத்தையிலா இருக்கிறேன்? மகன் பிறந்து இரண்டாம் மாதம் இந்த எலக்ட்ரானிக் பேக்டரிக்கு வந்தேன். மைக்ரோஸ்கோப்புக்குள் தலையை விட்டால் எட்டு மணி நேரம். கக்கூஸுக்குப் போக அட்டை வாங்க வேண்டும். அந்தக் கக்கூஸில் நின்று பாலைப் பீச்சிச் சாக்கடையில் விட்டிருக்கிறேன், என் மகன் வீட்டில் டின்பால் குடித்துக் கழிந்துகொண்டிருந்தபோது. நான் யாருக்காவது கடிதம் எழுதினேனா? பிள்ளை பெற்றால் எல்லாம்தான் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

மருந்து அடிக்க உன்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? நீ கங்காணி பெண்டாட்டி. மற்றவளுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்? நான் அவனுக்கு எழுத மாட்டேன். பால் கட்டினால் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டு, வற்றும்.

குழந்தை பத்திரம்.

நவமணி


பாயான் லெப்பாஸ்
14.5.1978

பவளம்,

சுகமா? ஒரு மாதத்துக்கு மேலாகிறது, பதிலே காணோம். திட்டிவிட்டேன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாயா? நான் வாய்தான் அப்படி, உனக்குத் தெரியாதா? சீதா குப்புற விழுந்தாளா, தவழ்ந்தாளா என்றாவது எழுதித் தொலையேன். தம்பியைக் கேட்டதாகச் சொல்.

நவமணி


ரிங்லெட்
11.6.1978

மதிப்புள்ள மதினிக்கு வணக்கம். யாவரும் நலம்.

உங்கள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார், நான் எழுதுகிறேன். அவருக்கு வேலை நன்றாகப் போகிறது. துரை அவரைப் பாராட்டினார். எனக்கும் லேசான வேலையாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். நான் படியில் விழுந்து உதடு கிழிந்துவிட்டது. இப்போது ஆறிவிட்டது.

சீதாவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். உதட்டிலும் கன்னத்திலும் கொப்புளம். வாய்க்குள்ளும் புண். பால் குடிக்க வாயை வைத்தால் அலறுகிறது. கொட்டகை ஆயா இது ஆத்தா என்கிறாள். உங்கள் தம்பியும் அப்படித்தான் சொல்கிறார். உங்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும் என்று உங்களைக் கேட்கச் சொன்னார். என்ன செய்யட்டும்?

பவளம்


பாயான் லெப்பாஸ்
17.6.1978

பவளத்துக்கு,

கடிதம் இன்றுதான் வந்தது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. என் மகனுக்கு வந்தபோதும் இப்படித்தான் உதட்டில் ஆரம்பித்தது. ஆத்தாதான், சந்தேகமே வேண்டாம். பயப்படாதே, ஆனால் நான் சொல்வதில் ஒன்றைக்கூட மீறாதே.

வாசலில் வேப்பிலை கட்டு. டாக்டரிடம் கொண்டு போகாதே, ஊசி போட்டால் ஆத்தா உள்ளே இறங்கிவிடுவாள். குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் நீயும் குளிக்காதே. துணிக்குச் சோப்புப் போடாதே, உடுத்தின துணியை வெளுக்காதே. தாளிக்காதே. அலறினாலும் பால் கொடு, விட்டு விட்டுக் கொடு. தாய்ப்பால்தான் அதற்குக் குளிர்ச்சி.

மாவிளக்குப் போடுவதாக நானும் இங்கே வேண்டிக்கொண்டேன். என் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. இந்தக் கடிதத்தைத் தம்பியிடமும் படித்துக் காட்டு.

நவமணி


ரிங்லெட்
29.6.1978

மதினிக்கு,

சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கடிதம் உங்கள் தம்பிக்குத் தெரியாது. காளியம்மா இடுப்பில் செருகிக்கொண்டு போய்ப் போஸ்டாபீஸில் போடுவாள்.

எனக்கு லேசான வேலை என்று எழுதினேன் அல்லவா? ஏப்ரலிலிருந்து நான் மருந்துப் பம்பு தூக்குகிறேன். பெண்கள் யாரும் பம்பைத் தொட மாட்டோம் என்று பெரட்டில் நின்றோம். துரையும் நின்றார். உங்கள் தம்பி எல்லோர் முன்னாலும் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போய், பம்பைத் தூக்கி என் முதுகில் மாட்டினார். "கங்காணி பொண்டாட்டியே தூக்குறா லா, ஒங்களுக்கென்னடி கொள்ளை!" என்றார். நான் கழற்றப் போனேன். வாயிலேயே குத்தினார். படியில் விழவில்லை மதினி. அந்தக் கிழிந்த உதட்டோடுதான் அன்றைக்கு மருந்து அடித்தேன். அதற்குப் பிறகு மற்றவர்களும் பம்பை எடுத்தார்கள். இதற்காகத்தான் துரை அவரைப் பாராட்டினார்.

பம்பு ஒழுகும். மருந்து தோளில் வழிந்து மார்பு வரைக்கும் இறங்கும். என் நகம் நான்கு கறுத்துக் கழன்றுவிட்டது. குனிந்தால் மூக்கில் ரத்தம் வருகிறது. காளியம்மாவுக்கும் பம்பு மாட்டினார். கீழே உருண்டும் தங்கியிருந்த பிள்ளை, மருந்து அடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே மலைச்சரிவில் கலைந்து விழுந்தது. அவள் அதை முந்தானையில் எடுத்துக்கொண்டு லயத்து வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கு அவளுக்கு அரைநாள் சம்பளத்துக்குத்தான் பேர் போட்டார்.

பால் நேரம் போய்விட்டதால் சாயங்காலம் கொட்டகைக்கு ஓடும்போது குழந்தை பசியில் விறைத்துப் போயிருக்கும். முன்பெல்லாம் பெரும்பாலும் ஆற்றில் இறங்கிக் குளித்துவிட்டுத்தான் தொடுவேன், சில நாள் அழுகை தாங்காமல் அப்படியே தூக்கிவிடுவேன். ஆத்தா என்றதும் நீங்கள் சொன்னபடி குளிக்கவில்லை, துணி வெளுக்கவில்லை. லீவு கேட்டேன், உங்கள் தம்பி தரவில்லை. பகல் முழுக்க மருந்து அடித்துவிட்டு, அதே மாரில், அதே துணியோடு என் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன். அதன் நாக்குத் தோல் உரிந்து வருகிறது. அம்மை முத்து உடம்பில் ஓர் இடத்திலும் இல்லை. என் மார் பட்ட இடத்தில் மட்டும்தான் புண்.

காயத்துக்குக் கட்டுப் போடும் தோட்டத்து டிரெஸர் நேற்று எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆத்தா இல்லம்மா. மருந்து பட்ட வெந்த புண்ணு. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, என்ன மருந்துன்னு சொல்லு" என்றார். உங்கள் தம்பி அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். பால் கொடுப்பவளைப் பம்பு தூக்க வைத்தது வெளியே தெரிந்தால் துரை கையை விரித்துவிடுவார், பழி இவர் தலையில் விழும். அந்தப் பயம் இவருக்கு. உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். "எங்கக்காவே ஆத்தான்னு எழுதியிருக்கா."

என் பிள்ளை என் பாலைக் குடித்துத்தான் சாகிறதா? நீங்களே சொல்லுங்கள்.

பவளம்


பாயான் லெப்பாஸ்
3.7.1978

பவளம், அடியே பவளம்,

கழுவு. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் முதலில் கழுவு. நீயும் குளி, குழந்தையையும் குளிப்பாட்டு. அந்தத் துணியைக் கொளுத்து. ஆத்தா கோபித்துக்கொண்டால் என்னிடம் வந்து கோபித்துக்கொள்ளட்டும்.

இத்தனை நாள் ஏனடி மறைத்தாய்? உன்னைக் கேட்டு என்ன பிரயோசனம்? வாயைத் திறந்தபோது அதில் மண்ணைப் போட்டவள் நான்தானே. நான் எழுதிய கடிதம் கையில் கிடைத்தால் அவன் வாயில் திணி.

கந்தனுக்கு இன்று காலை தந்தி கொடுத்துவிட்டேன், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று. அவன் அசையாவிட்டால் நீ கிளம்பு. தடுத்தால் அடி. கையில் என்ன கிடைக்கிறதோ அதால் அடி. அவன் என் தம்பி, நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன், நான் சொல்கிறேன்.

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். "ஒன் புள்ளைக்கா?" என்றான். இல்லை என்றேன். முடியாது என்றான். அவன் மேசையில் இருந்த தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். நாளைக்குப் போய்க் கணக்கை முடித்துக்கொண்டு வருகிறேன். அதுவரைக்கும் பிள்ளையை விட்டுவிடாதே. என் ராசாத்தி, விட்டுவிடாதே.

நவமணி


தானா ராத்தா
9.7.1978

மதினிக்கு,

உங்கள் மூன்றாம் தேதிக் கடிதத்தைக் காளியம்மா லயத்திலிருந்து எடுத்துக்கொண்டு இன்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நீங்கள் அடிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதற்கு முன்பே அடித்துவிட்டேன்.

தந்தி வந்தது. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி அதைக் கங்காணி கையில்தான் கொடுத்தார். உங்கள் தம்பி என் முன்னால் கிழித்து அடுப்பில் போட்டார். "அக்காளையும் தூண்டி விட்டியாடி?" என்று அடுப்புக்கட்டை எடுத்து என் முதுகில் அடித்தார். அடிக்கட்டும் என்று குனிந்து குழந்தையை மறைத்துக்கொண்டேன். எனக்கு ஒரு சந்தோஷம், மதினி எழுந்துவிட்டார்கள் என்று.

மறுநாள் பெரட்டுக்கு முன்னால் வெந்நீர் போட்டேன். சோப்புப் போட்டுத் தலை முழுகினேன். பிள்ளையையும் கழுவினேன். அழக்கூட அதற்குத் தெம்பில்லை. சாரோங் துணியில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். உங்கள் தம்பி என் ஈரத் தலையைப் பார்த்தார். "ஆத்தா இருக்கிற வீட்டுல தலை முழுகினியா, மூதேவி!" என்று இடுப்பில் உதைத்தார். விழுந்தேன். பிறகு சாரோங்கைப் பிடித்து இழுத்தார். முடிச்சு அவிழ்ந்து சீதா பாதி வெளியே தொங்கிற்று.

சுவரில் பம்பின் பித்தளைக் குழாய் சாத்தியிருந்தது. எடுத்து அவர் மணிக்கட்டில் போட்டேன். முறிந்த சத்தம் கேட்டது. கையை விட்டார். நான் விடவில்லை, மதினி. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். தோளில் அடித்தேன், வாயில் அடித்தேன், என் வாயில் அவர் குத்தினாரே, அதே மாதிரி. விழுந்த பிறகும் அடித்தேன். லயமே வந்து நின்று பார்த்தது. ஒருத்தியும் தடுக்கவில்லை. காளியம்மா மட்டும் வந்து, "போதும்டி, புள்ளையைப் பாரு" என்றாள். மருந்துக் காலிப் புட்டி ஒன்றை என் பையில் போட்டு, என்னைத் தள்ளிக்கொண்டு போனாள்.

ரிங்லெட்டில் தானா ராத்தா வழியாகப் பிரிஞ்சாங் போகிற கோழிச்சாண லோரி ஒன்று நின்றது. ஓட்டுகிறவர் ஒரு சீனக் கிழவர். என் சட்டையில் ரத்தத்தைப் பார்த்துப் பயந்தார். பிள்ளையின் வாயைக் காட்டினேன். ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார்.

இங்கே டாக்டரம்மா புட்டியைப் பார்த்ததும் என்னை உட்கார வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். மூக்கில் குழாய் விட்டார்கள். இரண்டு நாள் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். நேற்றுக் கரண்டியால் கொடுத்த தண்ணீரை விழுங்கிற்று. இன்று என் விரலைப் பிடித்தது. பிழைத்துவிட்டது என்று டாக்டரம்மாவே சொன்னார். என் மார்ப்புண் ஆறும் வரைக்கும் பால் கொடுக்கக் கூடாதாம். பால் கட்டி நெஞ்சு கல்லாக இருக்கிறது. நர்ஸ் ஒருத்தி காலையும் மாலையும் திரை போட்டுக்கொண்டு பீச்சி எடுத்து விடுகிறாள். அவளும் பால் கொடுப்பவளாம். யாரும் அவசரப்படுத்துவதில்லை.

காளியம்மா சொல்வதைப் பார்த்தால், அடுத்த நாள் பெரட்டில் ஒரு பெண்ணும் பம்பை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் கொண்டு போய்த் துரை ஆபீஸ் வாசலில் குவித்துவிட்டார்களாம். துரை திரும்பக் கூப்பிட்டதும் அடிக்க வந்த பழைய கங்காணி பக்கிரிசாமியைக் கூடையாலேயே மொத்தி அனுப்பிவிட்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் பத்து மணிக்கு யாரையும் கேட்காமல் கொட்டகைக்கு நடக்கிறார்கள். துரை இப்போதைக்கு யாரையும் நிறுத்தவில்லை.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. உங்கள் தம்பி கேஸ் கொடுத்திருக்கிறார். பிள்ளையை வீட்டுக்கு விட்டதும் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வைத்தாலும் வைப்பார்கள். அப்படி ஆனால் சீதாவை நீங்கள் வைத்துக்கொள்வீர்களா? உங்கள் தம்பி கையை முறித்தவள் கேட்கிறேன் என்று தெரியும். கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

பவளம்


பாயான் லெப்பாஸ்
13.7.1978

கந்தனுக்கு நவமணி எழுதுவது.

உன் சுகத்தைக் கேட்கவில்லை. கை முறிந்தது, பல் மூன்று போனது எல்லாம் தெரியும்.

நீ கிராணியை வைத்து எழுதி அனுப்பிய கடிதம் கிடைத்தது. நான் வந்து, அவளுக்குப் புத்தி சரியில்லை என்று போலீஸில் சொல்ல வேண்டும் என்கிறாய். ஆத்தா என்று நான் எழுதிய கடிதமும் உனக்குச் சாட்சி என்கிறாய்.

வருகிறேன். பேக்டரியில் கணக்கை முடிக்காமல் பத்து நாள் இழுத்தடித்தார்கள், இன்றுதான் வேலையை விட்டாயிற்று, இனி என்னைப் பிடித்து வைக்க யாரும் இல்லை. நாளைக் காலை பஸ்ஸில் ஏறுகிறேன். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் என் மருமகள் சீதாவைப் பார்ப்பேன். பவளத்தோடுதான் ஸ்டேஷனுக்கு வருவேன். அவளை உள்ளே வைத்தால் சீதா என்னோடுதான் இருப்பாள். அங்கே என் கடிதத்தைக் கொண்டு வா. அதை எழுதியது நான்தான் என்று சொல்வேன். அவள் முதுகில் பம்பு இருந்தது எனக்குத் தெரியாது, மாட்டியவனுக்குத் தெரியும் என்றும் சொல்வேன். காளியம்மாவும் வருவாள். அவள் முந்தானையில் எதைச் சுமந்துகொண்டு லயத்துக்கு வந்தாள் என்று அவளே சொல்லட்டும். கேஸைத் திரும்ப வாங்குவதென்றால் அதற்குள் வாங்கிக்கொள்.

அப்பா மிதிபட்டுச் செத்தார் என்று உன்னிடம் எத்தனை தடவை அழுதிருக்கிறேன். மிதிப்பதற்குத்தான் நீ அதைக் கேட்டுக்கொண்டிருந்தாயா?

பெண்டாட்டி குழாயால் அடித்துவிட்டாள், ஊரே சிரிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அவளுக்கு உன் மேல் இன்னும் இரக்கம் இருந்திருக்கிறது. அந்தக் குழாய் என் கையில் இருந்திருந்தால், கிராணியைக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தை எழுதச் சொல்ல உனக்கு வாயும் இருந்திருக்காது.

நவமணி